வலி போன கையும் வலு குறைந்த நாணும்

என் வலது முழங்கையின் வெளிப்புறத்தில், எலும்பு சற்றுத் துருத்திக்கொண்டிருக்கும் இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே, பழைய ஐம்பது காசு நாணயம் அளவுக்குத் தோல் வெளுத்திருக்கிறது. தொட்டுப்பார்த்தால் இலேசாகக் குழிந்தும் இருக்கிறது. பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியைகள் தீக்காயமா என்று கேட்பார்கள். அழற்சியைத் தணிப்பதற்காக எட்டு மாதங்களுக்குள் அதே இடத்தில் மூன்று முறை போடப்பட்ட ஸ்டீராய்டு ஊசி விட்டுச்சென்ற தடம் அது. மருந்து தோலடிக் கொழுப்பில் கசிந்தால் கொழுப்பு கரையும், நிறமிகள் மங்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அது பளிச்சென்று தெரியும். இந்தத் தடத்தைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. அதற்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத தசைநாணுக்கு அந்த மருந்து என்ன செய்திருக்கும் என்ற கேள்விதான் இரண்டு ஆண்டுகளாக என்னைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

நான் மருத்துவர் அல்லள். மேனிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். தகைவு, திரிபு, யங் குணகம் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி, ஆய்வகத்தில் மீட்டர் அளவுகோலைக் கத்திமுனைகள் மீது வைத்து எடைகளைத் தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று மாணவர்களை அளக்கச் சொல்கிறேன். அப்படிப்பட்டவள் தன் கைக்குள்ளேயே இருக்கும் ஒரு கயிற்றின் இழுவிசை வலிமையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் மூன்று முறை கையை நீட்டியிருக்கிறாள் என்பது எனக்கே வெட்கமான செய்தி.

எனக்கு வந்த நோயின் பெயர் டென்னிஸ் எல்போ. நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. இந்த நோய் வரும் பெரும்பாலோரும் தொட்டதில்லை. கரும்பலகையில் எழுதுவது, துணியைப் பிழிவது, தண்ணீர்க் குடத்தை ஒரு கையால் தூக்குவது ஆகியவை எல்லாம் இதற்குப் போதும். ஒரு பொருளை இறுகப் பிடிக்கும்போது விரல்களை மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் சேர்த்து உள்ளே இழுக்கப் பார்க்கும். அப்படி மடங்கிவிடாமல் மணிக்கட்டைப் பின்னோக்கி நிறுத்திவைக்கும் தசைகள் முழங்கையின் வெளி எலும்பு முட்டில் ஒரு பொது நாணாக வந்து பொருந்துகின்றன. பிடிக்கும்போதெல்லாம் அந்த நாண் இழுபடுகிறது. ஆகவேதான் முழங்கையில் நோய் இருக்க, காப்பித் தம்ளரைத் தூக்கும்போது வலிக்கிறது.

நம் செய்தித்தாள்கள் தசைநாரையும் தசைநாணையும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. எலும்பையும் எலும்பையும் கட்டுவது ஒன்று, தசையை எலும்போடு கட்டுவது மற்றொன்று; நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி. நாண் என்ற சொல் அதற்கு மிகவும் பொருத்தமானது. தசை சுருங்கும் விசை அனைத்தும் வில்லின் நாணில் ஓடுவது போல அதன் வழியாகத்தான் எலும்பைச் சென்றடைகிறது.

எங்கள் ஊரில் உள்ள ஒரு மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் முழங்கையை விரலால் அழுத்திப் பார்த்தார். நான் துள்ளியதும், “ஒரு ஊசி போட்டுடலாம் மேடம், ரெண்டு நாள்ல வலி நின்னுடும்” என்றார். ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டும், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்னும் ஒரே ஊசிக்குழாயில் கலந்து ஏறின. மொத்தம் ஐந்து நிமிடங்கள். அன்றிரவு கை நெருப்பாக வலித்தது. மருந்தின் படிகங்கள் திசுவை உறுத்துவதால் முதல் ஓரிரு நாட்களில் சிலருக்கு அப்படி வலிக்கும் என்பது பிறகு படித்துத் தெரிந்தது. இரண்டாம் நாள் மாலையில் வலி வடிந்தது. மூன்றாம் நாள் காலையில், ஐந்து மாதங்களாக என்னோடு குடியிருந்த வலி, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது.

அந்த மகிழ்ச்சியில் நான் செய்த முதல் வேலை, டேபிள் டாப் கிரைண்டரின் பாத்திரத்தை அரைத்த மாவோடும் கற்களோடும் அப்படியே தூக்கி மேடையில் வைத்ததுதான். மாதக்கணக்கில் என் கணவர் செய்து வந்த வேலை அது. அன்றைக்கே பழைய துணிகளையெல்லாம் ஊறவைத்துப் பிழிந்து காயப்போட்டேன். யாரும் என்னிடம் ஓய்வைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வலி இல்லை என்றால் கை சரியாகிவிட்டது என்றுதானே பொருள்?

கனடாவைச் சேர்ந்த கென்னடி, வில்லிஸ் என்ற இருவர் 1976இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோதுதான் அந்தக் கிரைண்டர் எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது. முயல்களின் குதிகால் நாணில் ஸ்டீராய்டைச் செலுத்தி, குறிப்பிட்ட நாட்கள் கழித்து அந்த நாண்களை எடுத்து, அறுபடும் வரை எந்திரத்தில் இழுத்துப் பார்த்தார்கள். ஊசி போட்டு 48 மணி நேரம் ஆன நாண்கள், இயல்பான நாண்கள் தாங்கிய விசையைவிடச் சுமார் 35 சதவீதம் குறைவான விசையிலேயே அறுந்தன. இரண்டு வாரங்கள் கழித்து எடுத்த நாண்கள் ஏறக்குறைய இயல்பான வலுவை எட்டியிருந்தன. ஆகவே, ஊசிக்குப் பிறகு இரண்டு வாரங்களாவது கடுமையான உழைப்பைத் தவிர்க்க வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். 2009இல் எலிகளின் தோள்நாணில் செய்த ஒரு சோதனையும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொல்கிறது: ஒரே ஒரு ஊசி, ஒரு வாரத்தில் வலுக்குறைவு, மூன்று வாரங்களில் பழைய நிலை.

முயல் வேறு, மனிதர் வேறு. நலமான நாண் வேறு, ஏற்கெனவே நைந்துபோன நாண் வேறு. 35 சதவீதம் என்ற எண்ணை அப்படியே என் முழங்கையில் ஒட்டிக்கொள்ள முடியாது. ஆனால் அந்தக் காலக்கணக்கு என்னை உலுக்கியது. வலி மறைவது இரண்டாம், மூன்றாம் நாளில். முயலின் நாண் மெலிந்திருந்ததும் அதே இரண்டாம் நாளில். தமிழில் வலி என்ற ஒரே சொல் வலிமையையும் குறிக்கும், நோவையும் குறிக்கும். என் முழங்கையில் ஒன்று போனபோது மற்றொன்று வந்துவிட்டதாக நான் நம்பிக்கொண்டேன். இரண்டுமே போயிருக்கக்கூடிய நாளில்தான் கிரைண்டரைத் தூக்கியிருக்கிறேன்.

நாணின் வலு எங்கே இருக்கிறது என்பதை வகுப்பில் சொல்வது போலச் சொல்லிப் பார்க்கிறேன். நீரை நீக்கிவிட்டு எடைபோட்டால் நாணின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். கொலாஜன் மூலக்கூறுகள் இழைகளாகவும், இழைகள் கற்றைகளாகவும், கற்றைகள் மேலும் பெரிய கற்றைகளாகவும், தேர்வடம் முறுக்கியது போல அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஓய்வில் இருக்கும்போது இந்த இழைகள் சிற்றலைகளாகச் சுருண்டிருக்கும். இழுக்கத் தொடங்கியதும் முதல் இரண்டு சதவீதம் வரையிலான நீட்சியில் அந்தச் சுருள்கள் மட்டும் நேராகின்றன. அதன் பின், இழுவிசைக்கு ஏற்ப நீட்சி எவ்வளவு என்று காட்டும் தகைவு திரிபு வரைபடம் நேர்கோடாக ஏறுகிறது. ஏறத்தாழ நான்கு சதவீதத்தைத் தாண்டும்போது உள்ளே நுண்ணிய இழைகள் ஆங்காங்கே அறத் தொடங்கும். எட்டு, பத்து சதவீதத்தை நெருங்கினால் நாணே அறும். இந்தக் கற்றைகளுக்கு நடுவே மிகக் குறைந்த எண்ணிக்கையில், ஒடுங்கிய வடிவில், நாண் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. நைந்த இழையை அகற்றுவதும் புதிய கொலாஜனைச் சுரப்பதும் அவற்றின் வேலை. இரத்த ஓட்டமும் அங்கே குறைவு. பெரிய பாலத்துக்கு ஒரே ஒரு பழுதுபார்ப்பவரை நியமித்தது போன்ற நிலைமை.

ஸ்டீராய்டு அந்தப் பழுதுபார்ப்பவரைத்தான் உட்காரவைக்கிறது. மருந்து செல்லுக்குள் புகுந்து, அதற்குரிய ஏற்பியோடு இணைந்து, உட்கருவுக்குள் சென்று மரபணுக்களின் இயக்கத்தை மாற்றுகிறது. அழற்சியைத் தூண்டும் பொருட்களின் உற்பத்தி நிற்கிறது. நாம் விரும்புவது அது. ஆனால் அதே கையெழுத்தில் கொலாஜன் உற்பத்தியும் குறைக்கப்படுகிறது, செல்கள் பெருகுவதும் தடுக்கப்படுகிறது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டீன், கார் உள்ளிட்ட ஆய்வாளர்கள், நாண்களின் மீது ஸ்டீராய்டின் விளைவு பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். செல்களின் உயிர்ப்பு குறைவது, கொலாஜன் உற்பத்தி குறைவது, இழைகளின் ஒழுங்கு கலைவது, ஆங்காங்கே திசு மடிவது, இவற்றின் விளைவாக இழுவிசை வலு குறைவது என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. மருந்தைத் தவிர, அடர்த்தியான கயிற்றுக்குள் ஒரு மில்லிலிட்டர் திரவத்தை அழுத்திச் செலுத்துவதே இழைகளைப் பிரித்துவிடும். நாணுக்குள் செலுத்தக்கூடாது, நாணைச் சுற்றியுள்ள இடத்தில் செலுத்த வேண்டும் என்ற விதி அதனால்தான் வந்தது. ஊசியைத் தள்ளும்போது எதிர்ப்பு அதிகமாக இருந்தால் முனை நாணுக்குள் இருக்கிறது என்று பொருள். கையறிந்த மருத்துவர் உடனே சற்றுப் பின்னே இழுத்துக்கொள்வார். முழங்கையில் இந்த விதியைக் கடைப்பிடிப்பது கடினம், ஏனெனில் அங்கே நாணுக்கு உறை கிடையாது. எலும்போடு ஒட்டியே முடிந்துவிடுகிறது.

இந்த ஐயம் புதிதாக முளைத்ததும் அன்று. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், 1948 செப்டம்பரில் முடக்குவாதத்தால் படுத்திருந்த இளம்பெண் ஒருவருக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை முதன்முதலாகச் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். இரண்டே ஆண்டுகளில், 1950இல், ஹென்ச்சுக்கும் எட்வர்ட் கெண்டலுக்கும் சுவிட்சர்லாந்தின் ததேயுஸ் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு வந்தது. 1951இல் ஜோசப் ஹாலண்டர் ஹைட்ரோகார்ட்டிசோனை மூட்டுக்குள்ளேயே செலுத்திய அனுபவத்தை வெளியிட்டார். 1954இலேயே, கார்ட்டிசோன் கொடுத்த விலங்குகளில் வெட்டித் தைத்த நாண் ஆறும்போது வலுக்குறைவாக ஆறுகிறது என்று ரென் என்பவரும் கூட்டாளிகளும் எழுதிவிட்டார்கள். அதாவது, அந்த வியப்பு மருந்து உலகுக்கு வந்து ஆறு ஆண்டுகளுக்குள் நாணைப் பற்றிய எச்சரிக்கையும் வந்துவிட்டது. வியப்புச் செய்தி என் ஊர் வரை வந்து சேர்ந்தது. எச்சரிக்கை எங்கோ வழியில் இறங்கிக்கொண்டது.

இன்னொரு சிக்கல் பெயரில் இருக்கிறது. நாண் வலியை நெடுங்காலமாக நாண் அழற்சி என்றே அழைத்து வந்தார்கள். அழற்சி என்றால் அழற்சியைத் தணிக்கும் மருந்து கொடுப்பதில் தவறில்லை. ஆனால் மாதக்கணக்கில் வலிக்கும் நாண்களை அறுவை சிகிச்சையின்போது எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், வழக்கமான அழற்சிச் செல்கள் அங்கே மிகக் குறைவாகவே இருப்பதைக் கண்டார்கள். இத்தாலியின் புட்டு 1976இல் குதிகால் நாணிலும், அமெரிக்காவின் நிர்ஷல் 1979இல் முழங்கை நாணிலும் கண்டது சிதைவைத்தான்: ஒழுங்கு குலைந்த கொலாஜன், வேண்டாத இடத்தில் முளைத்த நுண்ணிய இரத்தக் குழாய்கள், பாதியில் நின்றுபோன பழுதுபார்ப்பு. நாண் அழற்சி என்ற கட்டுக்கதையைக் கைவிடும் நேரம் வந்துவிட்டது என்று 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழிலேயே எழுதினார்கள். தொடக்கக் கட்டத்தில் அழற்சிக்குப் பங்கு உண்டு என்று சொல்லும் பிற்கால ஆய்வுகளும் இருக்கின்றன. எனவே நான் ஒரேயடியாக ஒரு பக்கம் சாய மாட்டேன். ஆனாலும் பாதியில் நின்ற பழுதுபார்ப்புதான் நோய் என்றால், பழுதுபார்ப்பவரை மேலும் உட்காரவைக்கும் மருந்து வலியை ஆற்றினாலும் நாணை ஆற்றாது என்பது விளங்குகிறது.

என் கதைக்குத் திரும்புகிறேன். முதல் ஊசியின் பலன் ஏழு வாரங்கள் நின்றது. எட்டாவது வாரத்தில் வலி முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே திரும்பியது. இரண்டாவது ஊசி ஐந்து வாரங்கள் தாங்கியது. மூன்றாவது ஊசிக்கு மூன்று வாரங்கள்கூட இல்லை. ஒவ்வொரு முறையும் நான் அதை ஊசியின் வெற்றியாகவும், திரும்பி வந்ததை என் கையின் தோல்வியாகவுமே எண்ணினேன். அது என் தனிப்பட்ட கதை இல்லை என்பதை மனிதர்களிடம் செய்த ஆய்வுகளைப் படித்தபோது அறிந்தேன்.

நெதர்லாந்தில் 185 நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2002இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு குழுவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு குழுவுக்கு இயன்முறை மருத்துவம், மூன்றாவது குழுவுக்குப் பொறுத்திருந்து பார்க்கும் அறிவுரை மட்டும். ஆறு வாரங்களில் ஊசிக் குழுவில் 92 சதவீதத்தினர் தேறியிருந்தார்கள். இயன்முறைக் குழுவில் 47, சும்மா இருந்தவர்களில் 32. அத்தோடு நின்றிருந்தால் ஊசிக்குக் கோயில் கட்டலாம். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது ஊசிக் குழுவில் 69, இயன்முறைக் குழுவில் 91, ஒன்றுமே செய்யாமல் காத்திருந்தவர்களில் 83. நான் இந்த எண்களை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

பிழை இல்லை. ஆஸ்திரேலியாவில் 198 பேரிடம் நடத்தி 2006இல் வெளியான ஆய்விலும் அதே வளைவுதான். ஊசியால் தேறிய 65 பேரில் 47 பேருக்கு நோய் திரும்பியது. பிரிஸ்பேனில் 165 பேரிடம் நடந்து 2013இல் ஜாமா இதழில் வந்த ஆய்வு இன்னும் கறாரானது. அதில் ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஊசி உண்டு, ஆனால் உள்ளே இருந்தது மருந்தில்லாத வெறும் உப்புநீர். ஓராண்டில் நோய் திரும்பியவர்கள் ஸ்டீராய்டுக் குழுவில் 54 சதவீதம், உப்புநீர்க் குழுவில் 12 சதவீதம். பெரும்பாலோருக்குத் தானாகவே ஆறிவிடும் ஒரு நோயை, விரைவில் ஆற்றும் ஆசையில் நீட்டித்துக்கொள்கிறோம்.

ஏன் இப்படி? ஊசி நாணை மெலியச் செய்வதாலா, அல்லது வலி போன துணிவில் என்னைப் போலக் கிரைண்டரைத் தூக்குவதாலா என்று இந்த ஆய்வுகளிலிருந்து பிரித்தறிய முடியாது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பது என் ஊகம். வலி என்பது நாணின் காவல்காரர். காவல்காரரை அனுப்பிவிட்ட அதே வாரத்தில் சுவரும் ஈரமாக இருந்தால், தவறு யாருடையது என்று பின்னால் வழக்காடுவதில் பயன் இல்லை.

இதைப் படிப்பவர்கள் ஸ்டீராய்டு ஊசி என்றாலே நாண் அறுந்துவிடும் என்று அஞ்சக்கூடாது. நாண் அறுதல் அரிது. 2010இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கூம்ப்ஸும் பிறரும் 41 ஆய்வுகளைத் தொகுத்தபோது, பக்க விளைவுகள் பதிவு செய்யப்பட்ட ஆய்வுகளில் ஸ்டீராய்டு பெற்ற 991 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் நாண் அறுந்தது. ஆனால் எந்த இடம் என்பது மிகவும் முக்கியம். ஓடும்போது உடல் எடையைப் போல ஆறு, எட்டு மடங்கு விசையைத் தாங்கும் குதிகால் நாணில், அதுவும் எலும்பிலிருந்து இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் உயரத்தில் இரத்த ஓட்டம் குன்றிய பகுதியில், பெரும்பாலான மருத்துவர்கள் ஊசி போடத் தயங்குகிறார்கள், தயங்கத்தான் வேண்டும். உள்ளங்காலின் அடிச்சவ்வு நாண் வகையில் முழுமையாகச் சேராது என்றாலும் சுமை தாங்குவதில் அதற்கு உறவுதான். குதிகால் வலிக்குச் சிகிச்சை பெற்ற 765 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 1998இல் வந்த அமெரிக்கக் கட்டுரை ஒன்றின்படி, அடிச்சவ்வு அறுந்திருந்த 51 பேரில் 44 பேர் முன்பு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள்.

இதற்கு நேர்மாறான கதை எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் மாமியாருக்கு வலது கை மோதிர விரல் மடங்கினால் நிமிராது; இடது கையால் இழுத்தால் துப்பாக்கி விசை போல டக்கென்று நிமிரும். என் அனுபவத்தைப் பார்த்திருந்த அவர் ஊசியே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார். நான்தான் வற்புறுத்தி அழைத்துப்போனேன். அந்த நோயில் சிக்கல், நாண் வழுக்கிச் செல்லும் உறையின் வாயில் இறுகிப்போயிருப்பதுதான். மருந்து உறைக்குள் விடப்படுகிறது. வீங்கிய உறை தளர்ந்தால் விரல் விடுபடுகிறது. நாணின் கயிற்றுக்குள் ஊசி முனை போகாதபடி பார்த்துக்கொண்டால், அதன் வலுவைப் பற்றிய கவலை மிகக் குறைவு. ஒரே ஊசி, இரண்டாண்டுகளாக அத்தை முறுக்கு பிழிகிறார். ஆனால் அவருக்குச் சர்க்கரை உண்டு. ஊசிக்கு அடுத்த நான்கைந்து நாட்கள் இரத்தச் சர்க்கரை வழக்கத்தைவிட வெகுவாக ஏறி நின்றது. அந்த மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறாமல் அளந்துகொண்டிருந்தோம். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று சென்னை நீரிழிவு ஆய்வு மையத்தினர் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் கணக்கிட்டது. விரல் பூட்டிக்கொள்வதும் தோள்பட்டை இறுகுவதும் அவர்களுக்குத்தான் மிகுதியாக வருகின்றன. ஆகையால், ஊசிக்கு முன் சர்க்கரை பற்றிய கேள்வியை நம் ஊரில் தவறாமல் கேட்க வேண்டும்.

கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை பற்றியது. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகள் நம் மருந்துக் கடைகளில் வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் தாராளமாகக் கைமாறுகின்றன. இந்த வகை மருந்துகளே நாண் அழற்சியையும் நாண் அறுதலையும் உண்டாக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் மருந்தோடு வரும் விவரச் சீட்டில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிடச் செய்தது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும், ஸ்டீராய்டும் சேர்த்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்றும் அதில் சொல்லப்பட்டது. இரண்டு மருந்துகளையும் இரண்டு வெவ்வேறு மருத்துவர்கள் எழுதித் தருவார்கள். இரண்டும் சந்திப்பது நம் குதிகாலில்.

மூன்றாவது ஊசியும் தோற்ற பிறகு நான் போய்ச் சேர்ந்தது ஓர் இயன்முறை மருத்துவரிடம். என் மாணவர் வயதுதான் இருக்கும். கையைப் பார்த்துவிட்டு, “வலி போறதுக்கு மருந்து இருக்கு மேடம், நாண் தேறுறதுக்குச் சுமைதான் மருந்து. ஆனா அளந்து குடுக்கணும்” என்றார். ஓர் இயற்பியல் ஆசிரியையிடம் இதைவிட நயமாகப் பேச முடியாது. முதலில் மணிக்கட்டை அசைக்காமல் எதிர்விசைக்கு எதிராக நிறுத்திப் பிடிப்பது, பிறகு அரைக் கிலோ எடையை மெதுவாக இறக்குவது, பிறகு ஒரு கிலோ, பிறகு இரண்டு. ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் குதிகால் நாணுக்காக வெளியிட்ட பயிற்சி முறையின் கிளை இது: ஒரு முறைக்குப் பதினைந்தாக மூன்று சுற்றுகள், நாளுக்கு இருவேளை, பன்னிரண்டு வாரங்கள். டென்மார்க்கில் 2009இல் முழங்காற்சில்லு நாண் நோயில் ஸ்டீராய்டு ஊசியையும் சுமைப் பயிற்சியையும் ஒப்பிட்டவர்கள், பன்னிரண்டு வாரங்களில் இரண்டும் சமமாக இருந்ததையும், அரையாண்டில் ஊசியின் பலன் மட்டும் தேய்ந்துபோனதையும் கண்டார்கள். எனக்கும் அது பன்னிரண்டு வாரங்களில் முடியவில்லை. ஏழு மாதங்கள் ஆயின. சலிப்பான ஏழு மாதங்கள். ஊசி ஏன் எல்லாருக்கும் பிடிக்கிறது என்பது அந்த ஏழு மாதங்களில் நன்றாகவே புரிந்தது.

நாண் ஏன் இவ்வளவு மெதுவாகத் தேறுகிறது என்பதற்கு நான் படித்தவற்றிலேயே அழகான விடையும் டென்மார்க்கிலிருந்துதான் வந்தது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு திடீரென்று உயர்ந்து, பிறகு படிப்படியாக இறங்கியது. உண்ணும் உணவு வழியாக அந்த ஏற்ற இறக்கம் அக்கால மனிதர்களின் திசுக்களிலும் பதிந்திருக்கிறது. ஹைனமையரும் கேயரும் பிறரும் குதிகால் நாணின் நடுப்பகுதியில் அந்தக் கார்பனை அளந்து 2013இல் வெளியிட்டார்கள். அங்கே இருந்த அளவு, அந்த மனிதர்கள் சுமார் பதினேழு வயது வரை வளர்ந்த ஆண்டுகளின் வளிமண்டல அளவோடு பொருந்தியது. அதாவது வளர்ச்சி நின்ற பிறகு நாணின் உள்மையம் ஏறத்தாழப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. தசை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க, நாணின் நடுவில் நம் பதினேழு வயது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அன்று வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு இதைச் சொன்னேன். பதினேழு வயதுக்காரர்கள் நாற்பது பேர் தங்கள் குதிகாலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

ஊசிக்கும் பயிற்சிக்கும் இடையே ஒரு சமாதானமும் சாத்தியம் என்று தோன்றுகிறது. 2022இல் வந்த மற்றொரு டேனிஷ் ஆய்வில், குதிகால் நாண் நோயாளிகள் 100 பேருக்கும் சுமைப் பயிற்சி கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடி, நாணுக்குள் போகாமல், ஸ்டீராய்டு செலுத்தினார்கள். அரையாண்டில் ஊசியும் பயிற்சியும் சேர்ந்த குழுவே முன்னணியில் இருந்தது. யாருக்கும் நாண் அறவில்லை. மற்ற ஆய்வுகளோடு இது முரண்படுவது போலத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே ஊசி எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தார்கள். வலி தணிந்த கால இடைவெளியை நோயாளியின் விருப்பத்துக்கு விடாமல், அளந்து ஏற்றிய சுமைக்குப் பயன்படுத்தினார்கள். எனக்கு நடந்ததில் அந்த இரண்டும் இல்லை.

சென்ற மாதம் எங்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியைக்கு அதே முழங்கை வலி வந்து, அதே போல ஊசிக்கு நாள் குறித்திருந்தார்கள். போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மகளின் திருமணத்துக்கு மூன்று வாரங்களே இருந்தன. ஆறு வாரத்து 92 சதவீதம் அவருக்குப் போதும், ஓராண்டுக் கணக்கை அவர் பிறகு பார்த்துக்கொள்வார். ஒரு துண்டுத் தாளில் சில கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம். நாணுக்கு உள்ளேயா வெளியேயா, திரையில் பார்த்துப் போடுவீர்களா. எத்தனை நாட்களுக்குப் பளு தூக்கக்கூடாது. வலி திரும்பினால் அடுத்த ஊசியா, பயிற்சியா. மருத்துவர் தாளை வாங்கிப் படித்துச் சிரித்தாராம். பிறகு எல்லாவற்றுக்கும் பொறுமையாக விடை சொன்னாராம். இரண்டு வாரங்களுக்குப் பளு தூக்கக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

ஊசி போட்ட நான்காம் நாள் வேதியியல் ஆசிரியை ஆசிரியர் அறைக்கு வந்தார். முகத்தில் வலியின் சுவடே இல்லை. கையை நீட்டி மடக்கிக் காட்டினார். காலாண்டுத் தேர்வின் விடைத்தாள் கட்டுகள் மேசை மேல் இருந்தன. அவற்றைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“என் கட்டையும் நீங்களே மேல்மாடிக்குத் தூக்கிட்டு வந்துடுங்க டீச்சர். எனக்கு இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கு.”